தகப்பன் பெயர்க் கட்டம்

திண்டிவனத்தில் தாலுக்கா ஆபீஸுக்கு எதிரே முப்பது வருஷம் மனு எழுதிப் பிழைத்தவன் நான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என் சாமர்த்தியங்களைக் கேட்கிறார்கள். நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். அதுதான் அவர்களுக்கு உதவும்.

கடையை விடுவதற்கு முந்தின வருஷம், விழுப்புரத்திலிருந்து ஆக்னஸ் என்ற பெண் தன் அம்மா ஸ்டெல்லாவோடு வந்தாள். இருவருமே நர்ஸ். ஸ்டெல்லா ஒரு காலத்தில் கானா நாட்டில் வேலை பார்த்தவள். அந்த ஊர்க்காரர் கோஃபியை விரும்பி, இங்கே அழைத்து வந்து நம் பக்கத்து மாதா கோயிலிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். மறுபடி கானாவுக்குப் போய், பிரசவத்துக்கு ஊருக்கு வந்த இடத்தில் புருஷனோடு போனில் சண்டை. திரும்பிப் போகவே இல்லை.

இப்போது கோஃபி படுத்த படுக்கை. மகள் விசா வாங்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி வரக் கூடாது, கானா நாட்டுக்காரியாகவே வரட்டும் என்கிறாராம். தகப்பன் வழியில் அங்கே குடியுரிமை உண்டு. அதற்கு முதல் காகிதம் பிறப்புச் சான்றிதழ்.

"அதுலதான் சார் பேஜாரு" என்று ஆக்னஸ் அதை நீட்டினாள். தந்தை பெயர் என்ற கட்டத்தில் அந்தோணிசாமி என்று இருந்தது.

"யாரும்மா இது?"

"எங்க தாத்தா சார். அம்மாவோட அப்பா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "எந்த மடையன் இப்படி எழுதிக் குடுத்தான்?"

ஸ்டெல்லா பழைய மனுவின் நகலை எடுத்து வைத்தாள். கீழே, 'மனு எழுதியவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து, என் ரப்பர் ஸ்டாம்ப்!

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். கைக்குழந்தையாக இருந்த பேத்தியின் தகப்பன் பெயரைச் சொல்லத் தயங்கிக்கொண்டு நின்றார் அந்தோணிசாமி. "இனிஷியல் இல்லாம ஸ்கூல்ல பேஜார் பண்ணுவாங்க. ஒங்க பேரயே போட்டுடலாங்க, எவன் கேக்கப் போறான்?" என்று யோசனை சொன்னவன் நான்தான். பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

திருத்த வழி இருந்தது. கோயில் கல்யாணப் பதிவேட்டில் கோஃபியின் கையெழுத்து அப்படியே கிடைத்தது. மிச்சம், முன்பு கொடுத்த தந்தை பெயர் பொய் என்று ஸ்டெல்லா தரவேண்டிய உறுதிமொழிப் பத்திரம். டைப் அடித்து நீட்டினேன். படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்கப்பா செத்துட்டாருங்க. அவரு பொய் சொன்னாருன்னு நானே எப்படிங்க எழுதிக் குடுக்கறது?"

"எங்கப்பா உயிரோட இருக்காரும்மா. காத்துக்கினு இருக்காரு" என்றாள் ஆக்னஸ்.

எனக்கு இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இன்னொரு முத்திரைத்தாளை எடுத்தேன். தவறான யோசனை சொன்னவன் நான், அந்தோணிசாமி என்னை நம்பிச் சம்மதித்தவர் மட்டுமே என்று என் பெயரில் அடித்தேன். ஸ்டெல்லா அதை இரண்டு முறை படித்தாள்.

"அப்பா மேல பழி இல்லதானங்க?"

"இல்லம்மா. எம்மேலதான்."

அதன் பிறகு அவள் தன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்ளாது, இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்று ஆக்னஸிடம் எச்சரித்தேன். "தெரியும் சார்" என்றாள். போன மாதம் அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கோஃபி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், அவள் கஞ்சி ஊட்டுகிறாள்.

தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். பின்னால் யாராவது வந்து நிரப்பிக்கொள்வார்கள். முப்பது வருஷம் 'எழுதியவர்' என்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டு வந்த நான், அன்றைக்குத்தான் முதல்முறையாக 'உறுதி கூறுபவர்' என்ற இடத்தில் போட்டேன்.