ஈரக் கரையில் ஏறிய கூட்டம்

வெள்ளம் வரும்போது ஈரமான கரைமேல் தேவைக்கு அதிகமாக ஒரு ஆள்கூட ஏறக் கூடாது. பாசனப் பிரிவின் விதி இது. நான் பணியில் இருந்தவரை அது புத்தகத்தில் மட்டுமே அமலில் இருந்தது. வலங்கைமான் பக்கம் ஒரு ஐப்பசியில் வாய்க்கால் கரையில் சின்னக் கசிவு. யாரோ தமுக்கு அடித்தார்கள். ஊரே மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஓடி வந்தது. அடைக்க நான்கு பேர் போதும். வந்தவர்கள் மிதித்த மிதியில் கரை இளகிக் கண்முன்னால் பிளந்தது. உடைப்புக்குக் காரணம் கனமழை என்று மேலே அறிக்கை போனது. அரசாங்க அறிக்கையில் கூட்டம் குற்றவாளி ஆவதில்லை. வீட்டில் பல வருடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கரை என் வீட்டுக்குள் வந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். சென்னையில் கணினி வேலையிலிருந்த என் மகளையும் கம்பெனி அமெரிக்கா அனுப்புவதாக இருந்தது. அவள் வயிற்று வலியோடும் இரத்தப்போக்கோடும் தஞ்சாவூருக்கு வந்து படுத்தாள்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தபின் காகிதத்தில் படம் போட்டார்.

"குடலோட உள்சுவர் ஒரே ஒரு செல் கனம்தாங்க. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல தையல் மாதிரி ஒரு பிடிப்பு. கிருமியப் பாத்தா எதிர்ப்பு செல்லுங்க ஒரு ரசாயனத்த விட்டு மத்ததுங்களக் கூப்பிடும். அந்த ரசாயனமே தையலத் தளர்த்திடுது. சந்து வழியா இன்னும் கிருமி. இன்னும் கூப்பாடு. இவங்களுக்கு அது நிக்கவே மாட்டேங்குது."

"தமுக்கு அடிக்கிறவன நிறுத்தணும்" என்றேன்.

"என்னதுங்க?"

"அப்பாவுக்கு எல்லாமே வாய்க்கால்தான் டாக்டர், நீங்க சொல்லுங்க" என்றாள் மகள்.

கூப்பாட்டை அடக்கும் ஊசி அப்போது புதிதாக வந்திருந்தது. அதையும் ஒரு விதி மறித்தது. ஆனால் நியாயமான விதி. குடல் காசநோயும் பார்வைக்கு இப்படியேதான் இருக்கும். அது இருக்கும்போது எதிர்ப்பை அடக்கினால் உடம்பெங்கும் பரவிவிடும். குழாய் வழியே குடலிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து வெளியூர் ஆய்வுக்கூடம் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பதில் முந்தினால் ஊசி, குடல் தப்பலாம். ஓட்டை முந்தினால் கத்தி.

உறவுக் கூட்டம் கட்டிலைச் சூழ்ந்தது. என் தங்கை மாதுளம்பழத் தோல் கஷாயத்தோடு திருவையாற்றிலிருந்து வந்தாள்.

"எல்லாம் கம்ப்யூட்டர் சூடுடி. தலையில வெளக்கெண்ணெ வச்சுக்கன்னேன், கேட்டியா?"

"அமெரிக்காவுல சொல்லாதீங்க அத்தை, பேட்டண்ட் வாங்கிடப் போறான்."

நான் ஆய்வுக்கூடத்துக்கு முறைப்படி நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். முதலில் பணிவோடு, பிறகு வருத்தத்தோடு. மார்கழிக் கடைசியில் தொலைபேசியில் ஒருவர் கிடைத்தார்.

"ரிசல்ட் ரெடிங்க. பெரியவர் ஊர்ல இல்ல. கையெழுத்துதான் பாக்கி. பொங்கல் கழிச்சு போன் பண்ணுங்க."

"என்னன்னு வாயால சொல்லுங்களேன்."

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க சார். ரூல்ஸ்."

அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றும் எனக்கு முப்பது வருடப் பழக்கம். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

போகியன்று காலை அவள் வயிறு பலகைபோல இறுகிவிட்டது. குடல் ஓட்டையாகியிருந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டியெடுத்து, மீதியின் முனையை வயிற்றுக்கு வெளியே ஒரு பையில் திருப்பிவிட்டார்கள். கம்பெனி அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டது.

கண் விழித்ததும் கேட்டாள்: "கரை ஒடைஞ்சிடுச்சாப்பா?"

"ஆமாம்மா."

"காரணம் என்னன்னு எழுதுவீங்க? கனமழையா?"



காசநோய்க் கிருமி வளரவில்லை என்ற பதில், கையெழுத்தும் முத்திரையும் குறையில்லாமல், பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. அன்று தை மாதம் ஏழாம் தேதி.