மாமாவுக்கு வந்த சிறகு

'விங்' என்றால் சிறகு, 'விங்ட்' என்றால் சிறகுள்ளது என்று பள்ளியில் படித்த அதே வாரம்தான் என் மாமாவைச் சுட்டார்கள்.

மாமா, அம்மாவின் தம்பி. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகு மூட்டை சுமந்தவர். கூலித் தகராறில் கூட்டம் கூடித் துப்பாக்கி வெடித்தது, மாமாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று என் அப்பா, அத்தாவின் கடைக்குச் சேதி வந்தது. அம்மாவும் மாமியும் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான். ஐந்தாம் வகுப்பு.

வராந்தாவில் ஓர் ஆங்கிலோ இந்திய நர்ஸ், மாமா கிடந்த அறையைக் காட்டி டாக்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: 'விங்ட்'.

“என்ன சொல்லுறா?” என்றாள் அம்மா.

“மாமாவுக்கு ரெக்கை வந்திருச்சாம்.”

அம்மா அப்படியே தரையில் சரிந்தாள். இறந்தவர்களுக்கு ஓதுவதை ஓதத் தொடங்கிவிட்டாள். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டுத் திரும்பி வந்த நர்ஸ், அழவேண்டாம் என்று மலையாளத்தில் அம்மாவைத் தேற்றினாள்.

“கரையண்டா சேச்சி. கையிலதான் வெடி கொண்டது. ஆளு இருக்கு.”

சிறகில் சுடப்பட்ட பறவையையும் 'விங்ட்' என்றுதான் சொல்வார்கள், கையில் குண்டு பட்ட மனிதனையும் அப்படித்தான் என்று எனக்கு விளக்கினாள். வெகுகாலம் கழித்து அகராதியில் தேடினேன். அந்த 'விங்' வடகடல் மாலுமிகள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சொல்லாம். அதற்கு முன் அங்கே சிறகையும் இறகு என்றே சொன்னார்களாம். பறக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்றால், வேட்டைக்காரர்களின் பேச்சிலிருந்து வந்ததாம்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். கையோடு போயிற்றே, அல்லா காப்பாற்றினான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அத்தா எல்லாருக்கும் சாயா வரவழைத்தார். அம்மா அழுது வீங்கிய கண்ணோடு சிரித்தாள். மூட்டை சுமந்த தோளின் எலும்பு நொறுங்கிவிட்டது, அந்தக் கை இனி மேலே எழும்பாது என்று டாக்டர் மாமியிடம் சொல்லியிருந்தார். அதை அவள் எங்களிடமும் சொன்னாள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இன்னொரு கை இருக்கிறதே.

மாமி மட்டும் அடுக்களையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறவருக்காக எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.