முளைவிட்ட மேரக்காய்

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் விதை விற்றவர் அவர். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். யார் கேட்டாலும், போகிற ஊரில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் விதையைக் கொடுத்தார்.

சூலூர் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு குன்னூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவன் டிக்கெட் எடுக்கப் போனபோது கத்தரி விதை கேட்டேன்.

"அந்தக் குளுருக்குக் கத்தரி வராதுங்க அம்மணி. எத்தனை நாளைக்குப் போறீங்க?"

"ஒரு மாசந்தானுங்க. பையன் சொன்னான்."

"அப்ப முள்ளங்கி போடுங்க" என்று பொட்டலம் மடித்தவர், மகன் சாக்கில் கட்டிவைத்திருந்த அம்மிக்கல்லைப் பார்த்தார். பொட்டலத்தை வைத்துவிட்டு, முளைவிட்ட மேரக்காய் ஒன்றை, சௌசௌ என்பார்களே அதை, என் கையில் கொடுத்தார்.

"காய்க்க ஆறு மாசமாகுமுங்க. பொறவு வருசக்கணக்கா காய்க்கும்."

கொடி இப்போது குன்னூர் வீட்டுக் கூரையேறிவிட்டது. காய் பறிக்கும்போதெல்லாம், மகன்மேல் வராத கோபம் அவர்மேல் வருகிறது.