மறைக்கப்பட்ட உழைப்பு

காஞ்சிபுரத்துப் பட்டு முதலாளி ஒருவருக்குப் பிரெஞ்சு நிறுவனம் அனுப்பிய தொழில் நெறிமுறைகளை அவர் படித்துக் கையெழுத்துப் போட நான்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அதில் தடைசெய்யப்பட்டவற்றுள் ஒன்று, 'மறைக்கப்பட்ட உழைப்பு': ஆளைக் கணக்கில் காட்டாமல் வேலை வாங்குவது. ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்று முதலாளி பயந்தார். நானும் அந்த இடத்தில் 'குடும்ப உதவி இதில் சேராது' என்று மழுப்பிவிட்டேன்.

கூடவே வந்த படிவத்தை நிரப்ப, அவருக்கு நெய்து கொடுக்கும் ஒருவரின் வீட்டுக்குச் செவிலிமேடு போனேன். தறியில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஒருத்தன்தாம்மா," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து புடவையின் மறுகரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த அவர் மனைவி கையை எடுத்துவிட்டார்.

"ஒருத்தன்தானே? நீயே நெய்யி, பாக்கலாம்."

இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் அந்தப் புடவை ஓர் இழைகூட நகராது. அவர் என்னைப் பார்க்காமல், "ரெண்டு பேருன்னு எழுதிக்கம்மா," என்றார்.

மறைத்தது அவர் மட்டுமல்ல என்பது எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து 'குடும்ப உதவி'யை எடுத்துவிட்டு, 'மறைக்கப்பட்ட உழைப்பு' என்றே சரியாகப் போட்டேன். முதலாளியிடம் போனில் சொன்னதற்கு, "ஆர்டர் போச்சுன்னா நீதாம்மா பதில் சொல்லணும்," என்றார்.

கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்த்தவர் பெயருக்கு ஓர் இடம் உண்டு. யார் கேட்கப்போகிறார்கள் என்று அதை எப்போதும் காலியாகவே விடுவேன். அன்று என் பெயரை எழுதினேன்.