எந்தக் கையால் கொடுத்தாய்?

நீ மேடையில் சொன்னது பொய். பழைய மாணவர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, நம் கல்லூரி ரிலே அணியை ஒற்றுமையாக்கியது நீதான் என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. ஓட்டத்தைத் தவிர எல்லாவற்றிலும் நான் தாமதம்தான்.

அறுபதுகளில் நடந்த கதை. முதலிலும் கடைசியிலும் மராத்திக்காரர்கள் ஓடினார்கள். நடுவில் மாட்டுங்காவிலிருந்து நீ, தாராவியிலிருந்து நான். இரண்டு மதராசிகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று கோச் கணக்குப் போட்டார். நீ கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்துவிட்டு வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு வருவாய். நான் தோல் கிடங்கு வாடையோடு வெறுங்காலில் வருவேன். நாம் ஒன்று என்று அவரிடம் யார் சொன்னார்கள்?

கைமாற்றி ஓடும் குறுந்தடியான பேட்டனை நீ இடது கையால் நீட்ட வேண்டும், நான் வலது கையால் வாங்க வேண்டும். அதுதான் கோச் சொல்லித்தந்த முறை. முதல் நாளே நான் ஓடாமல் நின்றுவிட்டேன்.

"எலே, இடது கையால எவம்ல குடுப்பான்? நான் என்ன பிச்சையா எடுக்கேன்?"

"ஸார் சொன்னபடிதானேடா தரேன். நோக்கு வேணும்னா வாங்கிக்கோ."

"சோத்தாங்கையால குடு, வாங்குதேன்."

தினமும் இதே சண்டை. கோச் வெறுத்துப்போனார். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஒழுங்காக ஓடி முடிக்காவிட்டால் ரிலே அணியே கிடையாது என்றார்.

போட்டிக்கு முந்தின நாள் நான் பெரிய மனிதனாக ஒரு முடிவெடுத்தேன். போகட்டும், இடது கையாலேயே தரட்டும். உன்னிடம் சொன்னேனா? இல்லை. சொன்னால் என் கௌரவம் என்னாவது? நீயும் ஒரு முடிவெடுத்திருக்கிறாய், வலது கையால் தருவதென்று. நீயும் சொல்லவில்லை.

உன் இடது கைக்கு வழிவிட்டு ஓடினேன். நீ பேட்டனைக் கைமாற்றிக்கொண்டு நேராக என் முதுகில் வந்து மோதினாய். இரண்டு பேரும் மண்ணில். பேட்டன் பக்கத்து அணியின் ஓடுபாதையில் உருண்டது. என் கால்சட்டை பின்னால் கிழிந்ததை மைதானமே பார்த்தது.

கடைசியாக ஓட வேண்டியவன் இடுப்பில் கைவைத்தபடி வந்து நின்றான்.

"அரே, தும் தோனோ கி பாஷா ஏக் ஹை நா? பாத் நஹி கர்தே க்யா?"

ஒரே பாஷைக்காரர்கள், பேசிக்கொள்ளவே மாட்டீர்களா என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். முதலில் ஓடியவனும் சிரித்தான். முட்டியில் ரத்தத்தோடு எனக்கும் சிரிப்பு வந்தது. அணி ஒன்றானது அன்றுதான். கலைக்க வேண்டாம் என்று அவர்கள் இருவரும்தான் கோச்சிடம் கெஞ்சினார்கள். அதற்குப்பின் தினமும் நம்மை எதிரெதிரே நிற்கவைத்து, "போலோ" என்று அதட்டி, பேசவைத்த பிறகே ஓடவிட்டார்கள். ஒற்றுமைக்காக நீயும் நானும் செய்த ஒரே வேலை, விழுந்து சிரிப்பு மூட்டியதுதான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை, அந்தக் கௌரவம் இன்னும் சாகவில்லை. அன்று ஏன் கையை மாற்றினாய்? என்னை மதித்தா, என் வாய்க்குப் பயந்தா? அடுத்த கூட்டத்தில் அதே மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் சொல்.