பீப்பாயில் குறைந்த நீல மருந்து

மஸ்கெலியா பக்கம், தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடொன்றில் இருக்கிறோம். வெயில் காலத்தில் என் லீக்ஸ் பாத்திகளுக்கு ஒரே ஹோஸை அங்குமிங்கும் இழுத்துத்தான் தண்ணீர் விடுகிறேன்.

அன்று பாத்திகளுக்கு அடிக்கும் நீலப் பூச்சி மருந்தைப் பீப்பாயில் கொட்டி, பைப்பில் மாட்டிய ஹோஸை உள்ளே விட்டு நிரப்பினேன். பாதியில் தண்ணீர் நின்றது. வரும்போது வரட்டும் என்று களை பிடுங்கப் போனேன்.

திரும்பி வந்தால் மருந்து குறைந்திருந்தது. பீப்பாயில் ஓட்டை இல்லை. ஹோஸ்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது! அதே குழாய்வழியில் கீழே, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவம். அங்கே பைப்பைத் திறந்திருக்கிறார்கள்; தண்ணீர் நின்ற குழாய் என் மருந்தைக் கீழே இழுத்திருக்கிறது.

ஹோஸை இழுத்தெறிந்தேன். ஆனால் போனது போனதுதானே? "புள்ளைங்களுக்குத் தண்ணி குடுக்காதீங்க!" என்று கத்தினேன். காற்றில் குரல் எட்டவில்லை. படியில் இறங்கி ஓடினேன்.

பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என் மருந்துதான் ஆயம்மா" என்று அழுதேன்.

"நீலமா வந்துச்சு, ஊத்திட்டேன். நெறமில்லாம வந்திருந்தா புள்ளைங்களுக்குப் பால்மா கரைச்சிருப்பேனே புள்ள!"

இப்போது ஹோஸைப் பீப்பாய்க்குள் விடுவதேயில்லை. ஒரு சாண் மேலே பிடித்தபடி, நிரம்பும்வரை நிற்கிறேன்.

அன்று காலை நான் முதலில் கையிலெடுத்தது நிறமில்லாத மருந்துப் போத்தலைத்தான்.