கேமரா மட்டும் கிடைத்தது

“காணாமப் போனவருக்கு என்ன பேர் போடட்டும் சார்?” என்று கேட்டாள் ஸ்னேஹா.

ஆதிகேசவன் டீயில் நனைத்த ரஸ்க்கை உடையாமல் வாய்க்குக் கொண்டுபோவதில் கவனமாக இருந்தார். அது உள்ளே போன பிறகுதான் பதில் வந்தது.

“எவன்மா காணாமப் போனது?”

“நீங்கதான் சார். படத்துல கேமரா வெச்சிருக்கிறவர். கடைசியில ஒரு கார்டு வரணுமாம். ‘இந்தக் காட்சிகளைப் பதிவு செய்தவர் இன்றுவரை கிடைக்கவில்லை.’ பேர் இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு ஷ்ரேயாஸ் சொல்றாரு.”

“கேமரா கெடச்சிடுச்சா?”

“கேமரா கிடைச்சாதானே சார் படமே.”

“அதானே. கேமரா எப்பவும் கெடச்சிடும்.” அடுத்த ரஸ்க்கை எடுத்தார். “கல்யாண வீட்லயும் அப்டித்தான்மா. வீடியோ எப்ப வரும்னு பத்து தபா கேப்பாங்க. எடுத்தவன் சாப்ட்டானான்னு ஒர்த்தரும் கேக்க மாட்டாங்க.”

“பேரு?”

“என் பேரையே போடு.”

தட்டச்சு செய்துவிட்டு வயதைக் கேட்டாள். சொன்னார். ஊரைக் கேட்டாள். “அல்சூர்னு போடு. பஜார் ஸ்ட்ரீட்டுனும் சேத்துக்கோ.” திரையில் அவ்வளவுக்கு இடமில்லை என்றாள். “எழுத்தைக் கொஞ்சம் சின்னதா பண்ணிக்கோம்மா. தெரிஞ்சவங்க பாத்தா இவன்தான்னு தெரியணும் இல்ல?”

இது சிவாஜிநகரில், ஒரு துணிக்கடையின் மாடியறையில் நடந்த பேச்சு. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஷ்ரேயாஸ், சனி ஞாயிறுகளில் அந்த அறையை வைத்துக்கொண்டு பேய்ப் படம் எடுக்கிறான். பேய்ப் படம் என்று அவன் சொல்லிக்கொள்வதில்லை. எங்கோ யாரோ எடுத்து, எப்படியோ கையில் கிடைத்த உண்மைப் பதிவு என்று தலைப்பிட்டு யூடியூபில் போடுகிறான். கேமரா வைத்திருப்பவன் பாழடைந்த இடம் ஒன்றுக்குள் போவான், எதையோ பார்ப்பான், ஓடுவான், கேமரா கீழே விழும், படம் முடியும். ஸ்னேஹா அதற்குத் தமிழிலும் கன்னடத்திலும் வசன வரிகள் எழுதுகிறாள். இரண்டு மொழியும் பள்ளியிலேயே படித்தவள். பேசுவதென்றால் இரண்டிலும் கஞ்சம். வேலை கொடுப்பவர்களுக்குக்கூடச் செய்திதான் அனுப்புவாள். போன் அடித்தால் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘சொல்லுங்கள்’ என்று எழுதி அனுப்புகிற ரகம்.

அந்தக் கேமராக்காரன்தான் ஆதிகேசவன். நடிப்பதும் அவரே, எடுப்பதும் அவரே. படம் முழுக்க அவர் மூச்சு கேட்கும், இருமல் கேட்கும், “யாரு அங்க?” என்று குரல் கேட்கும். முகம் மட்டும் வராது. பேயாக வரும் பெண்ணுக்குக்கூடச் சுவரொட்டியில் முகம் உண்டு.

கல்யாண வீடியோ எடுத்த கை என்பதால் ஆரம்பத்தில் பெரிய சிக்கல். ஓடினாலும் படம் ஆடவில்லை. பேய் துரத்தும்போது கேமரா பல்லக்கில் போவதுபோலப் போயிற்று. “ஆதி அண்ணா, ப்ளீஸ், நல்லா எடுக்காதீங்க” என்று ஷ்ரேயாஸ் கைகூப்பியதை அவரே சொல்லிச் சிரிப்பார். “கல்யாணத்துல ஆட்னா அடிக்க வருவாங்க. இங்க ஆட்டலன்னா அழுவுறான்.” கடைசியில் இடது கைக்கு மாறினார். இடது கைக்கு எதுவும் தெரியாது. ஆகவே பயம் தானாக வந்தது. மூச்சுவாங்குவதை மட்டும் நடிக்க மாட்டார். பொம்மசந்திராவில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையில் பகல் வெளிச்சத்தில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் இரவுக் காட்சிகளை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மாடிப்படியில் ஏறி இறங்கி, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது, “ஆயித்து, இப்ப ஓடலாம்டா” என்பார். ஒருநாள் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். அந்த மூச்சையும் ஷ்ரேயாஸ் படத்தில் வைத்துக்கொண்டான்.

கேமரா விழுவதில்தான் அவருடைய கைவரிசை. நாலாக மடித்த போர்வைமேல் அதை ஒருக்களித்துப் போடுவார். பிறகு அதன்முன்னே தரையில் படுத்துக்கொள்ள, இரண்டு பேர் அவருடைய தோளைப் பிடித்து இருட்டுக்குள் இழுப்பார்கள். படத்தில் அவர் உடம்பென்று தெரிவது அது ஒன்றுதான்: இழுபட்டுப் போகும் இரண்டு கால்கள், பச்சை வார் வைத்த செருப்பு.

செருப்பு அவ்வளவு புதிதாக இருப்பது பொருந்தவில்லை என்று ஷ்ரேயாஸ் சொன்னான். எல்லாவற்றுக்கும் “சரிப்பா” என்கிற மனிதர் அன்று மட்டும் மசியவில்லை. “இது இருக்கட்டும்.” பிறகு ஸ்னேஹாவிடம் தனியாகச் சொன்னார்: “மகா வாங்கிக் குட்தது. பாத்தா அவளுக்குத் தெரியும்.”

மகா அவருடைய ஒரே மகள். வைட்ஃபீல்டில், காவல்காரர் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற அடுக்குமாடியில் இருக்கிறாள். சண்டை எதுவுமில்லை. அம்மா இருந்தவரை அம்மாவோடு பேசினாள். அப்பாவோடு என்ன பேசுவதென்று அவளுக்கும் பழக்கமில்லை, அவருக்கும் பழக்கமில்லை. தீபாவளிக்கு வந்தாள், செருப்பு கொடுத்தாள், ட்ராஃபிக் என்று சீக்கிரம் கிளம்பினாள்.

படம் வெளியான அன்று ஆதிகேசவன் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ‘இதைப் பாருங்கள்’ என்று மட்டும் எழுதினார். தான் எடுத்தது என்று எழுதவில்லை. அடுத்த ஞாயிறு ஸ்னேஹா அறைக்கு வந்தபோது, போனை மேசைமேல் முகம் மேலாக வைத்து அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“போன் வந்துதா சார், யாராவது பாத்துட்டு?”

“வந்துது. கேமரா வாடகைக்கு வுடுறான் பாரு, மஞ்சுநாத்து. கார்டைப் பாத்துட்டுப் பதறிட்டான். ‘ஆதி, கீழ வுழுந்துதே, லென்சு நல்லா இருக்கா?’ன்னான்.”

அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு போனைத் தேய்த்துக் குழுவைக் காட்டினார். மகா ஒரு கட்டைவிரல் போட்டிருந்தாள். அதன்கீழே யாரோ ஒருவருடைய காலை வணக்கம், ரோஜாப்பூவோடு.

“அது சினிமான்னு அவங்களுக்குத் தெரியும் இல்ல சார்” என்றாள் ஸ்னேஹா. “அதனாலதான் கேக்கல.”

“தெரியும்மா. நல்லாத் தெரியும். கண்டிப்பாத் தெரியும்.” போனைத் துடைத்து மறுபடி மேசைமேல் வைத்தார். “ஆனா சும்னே, சும்மாவாச்சும் கேக்கலாம் இல்ல?”

ஸ்னேஹா அடுத்த படத்தின் வசன வரிகளைத் திறந்தாள்.

இப்போது இரண்டாவது படம் முடிந்திருக்கிறது. இதிலும் கேமரா விழுகிறது. இதிலும் பச்சைச் செருப்பு. வார் கொஞ்சம் வெளுத்துவிட்டதால் ஷ்ரேயாஸுக்கு இந்த முறை திருப்தி. ஒரே ஆள் இரண்டு தடவை காணாமல் போனால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், வேறு பெயர் போடு என்று ஸ்னேஹாவிடம் சொல்லியிருந்தான். அவள் அதை ஆதிகேசவனிடம் சொன்னாள். அவர் டீயைக் குடித்தார். வேறு பெயர் போட்டுவிட்டாளா என்று கேட்கவில்லை. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ‘ஆதிகேசவன், பஜார் ஸ்ட்ரீட், அல்சூர். இன்றுவரை கிடைக்கவில்லை.’ எழுத்து இம்முறை சற்றுப் பெரிதாக இருந்தது.

“அவன் திட்டுவான்மா.”

“திட்டட்டும் சார்.”

ரஸ்க் தீர்ந்த காகிதத்தை மடித்தார்; மேலும் மடித்தார்; மடிக்க இடமில்லாதபோது சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே பையிலிருந்து போனை எடுத்துப் பூட்டைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

“உன் நம்பரைப் பேரோட போட்டுக் குடு. தெரியாத நம்பர்னா லோன் வோணுமான்னு கேக்குறவன்னு நெனச்சு எடுக்காம வுட்ருவேன்.”

அவள் வாங்கிக்கொண்டாள்.

“வெள்ளிக்கெழம சாயங்காலம் படம் வருது. நீ பாக்கக்கூட வேணாம். ஒரு ஆறு, ஆறரைக்கு ஒரு போன் பண்ணு. மெசேஜ் நக்கோ, அது வேணாம், போன். ‘எங்க சார் இருக்கீங்க?’ன்னு கேளு, போதும். வீட்லதான்மா இருக்கேன்னு நான் சொல்லிக்கிறேன்.”